கண்டக்டர் அண்ணனின் மேல்கை அளவு

கண்டக்டர் அண்ணனின் பெல்ட்டில் நான்காவது ஓட்டையை நான்தான் போட்டேன். ஆணியைப் பழுக்கக் காய்ச்சி, குறடால் பிடித்து ரெக்சினில் அழுத்தினேன். கருகிய நாற்றம் ஜிம் முழுக்கப் பரவியது. "எலே மக்கா, இன்னும் ரெண்டு ஓட்டை சேர்த்தே போட்டுரு. மாசாமாசம் உன்னத் தொந்தரவு செய்யண்டாமே" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்திருப்பேன். அந்த இடுப்பைக் குறைத்தவன் நானல்லவா.

கேரள எல்லையோரம் குன்னத்துகாலில் ஒரு பலசரக்குக் கடையின் மாடியில் என் ஜிம். அவர் பாறசாலையிலிருந்து வெள்ளறடை போகும் அரசுப் பேருந்தில் கண்டக்டர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நெரிசலான வண்டியில் அவருக்கு முன்னால் அவர் வயிறு போய் வழி கேட்கும். சர்க்கரை ஏறியதும் டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்ல, டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடே மாடியேறி வந்தார். புரோட்டாவை விட்டார், மரச்சீனிக் கிழங்கைப் பாதியாக்கினார். சனிக்கிழமைதோறும் எடையும், இடுப்பும், மேல்கையும், தொடையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுவேன். ஆறு மாதத்தில் வேண்டிய எடைக்கு வந்துவிட்டார். இனி குறைய வேண்டாம் அண்ணே, சோற்றைக் கொஞ்சம் கூட்டுங்கள் என்றேன்.

ஆனாலும் எடை இறங்கிக்கொண்டே இருந்தது. இப்போது இடுப்போடு மேல்கையும் மெலிந்தது. "சோறு இறங்கல்ல மக்கா. நாலு வாய் தின்னா போதும்னு இருக்கு" என்றார். அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்போதுதான் திருவனந்தபுரத்தில் மூன்று நாள் வகுப்பு ஒன்றுக்குப் போய்வந்திருந்தேன். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும், உடம்பு தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத அமினோ அமிலங்களை வெளியிலிருந்து கொடுத்து, கூடவே பளுவும் தூக்க வைத்தால் தசையைக் காப்பாற்றலாம் என்று படம் போட்டுச் சொல்லித்தந்திருந்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. படித்ததைச் செய்துபார்க்க எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது, அண்ணன் கிடைத்தார். பொடி டப்பா வரவழைத்துக் கொடுத்தேன். மேலே மாம்பழ வாசனை, அடியில் ஒரே கசப்பு. மூக்கைப் பிடித்துக் குடித்துவிட்டு, "டிப்போ டீக்கடைக்காரன் இதவிட நல்லா கலக்குவான்" என்பார். போகிற தசையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தேனே தவிர, அது ஏன் போகிறது என்று நான் கேட்கவே இல்லை. பத்து வாரம் இப்படிப் போயிற்று. பத்துச் சனிக்கிழமையும் அளவு குறைந்தது, குறைந்த அளவை அழகான கையெழுத்தில் எழுதிவைத்தேன்.

காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போகும் நர்ஸ் ஒருவர் தினமும் அவர் வண்டியில்தான் ஏறுவார். ஒருநாள் டிக்கெட் வாங்கும்போது முகத்தை உற்றுப் பார்த்து, "சேட்டா, கண்ணு மஞ்ஞயாணல்லோ" என்றிருக்கிறார், கண் மஞ்சளாக இருக்கிறதே என்று. அன்றைய டியூட்டி முடிந்ததும் வரச்சொல்லி, வாசலில் காத்து நின்று உள்ளே கூட்டிப்போயிருக்கிறார். கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. வாராவாரம் அவர் கையில் டேப்பைச் சுற்றிய நான் ஒருமுறைகூட அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் ஆப்பரேஷன் செய்ய வழி இருந்திருக்கும் என்று டாக்டர் வராந்தாவில் வைத்து என்னிடம் சொன்னார். என்னை அவருடைய தம்பி என்று நினைத்துவிட்டார் போல. யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்டுக்கொள்வதுபோலத் தலையாட்டிவிட்டு வார்டுக்குள் போனேன். அண்ணன் கையில் ஒரு சீட்டு வைத்திருந்தார். சிகிச்சை நடக்கும்போது தசை ஒட்டிப்போகாமல் இருக்க, சாப்பாட்டோடு அமினோ அமிலப் பொடியும் எடுக்கச்சொல்லி எழுதியிருந்தது. "பாத்தியா, நீ தந்த அதே சாதனமாக்கும்" என்றார். அன்று முதல் பார்க்க வருகிற சர்ச் சபை ஆட்களிடமும் டிப்போ ஆட்களிடமும் அதே பேச்சுத்தான். அவர்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரும் முன்பே, "டாக்டர் இப்ப எழுதினத எனக்க மக்கா முன்னாடியே தந்துட்டான். இவன் இல்லேன்னா நான் எப்பவோ விழுந்திருப்பேன்" என்பார். சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். நான் தரையைப் பார்ப்பேன். பணிவு என்று வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அதைக் கேட்டு இரண்டு பேர் ஜிம்மில் சேரவும் வந்தார்கள். வெட்கமில்லாமல் சேர்த்துக்கொண்டேன்.

அதன்பிறகு எட்டு மாதம் உயிரோடு இருந்தார். கடைசியில் அந்த மேல்கை என் ஒரு கைப்பிடிக்குள் அடங்கியது.

இப்போது யாராவது தானாக மெலிந்து வந்தால் டப்பாவைத் தொடமாட்டேன். முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பிவிடுவேன். ஊரில் இதற்காக என்னைப் பொறுப்பானவன் என்கிறார்கள். அந்தச் சொல் பொறுக்காமல்தான் போன மாதம் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவியை மைனி என்றுதான் கூப்பிடுவேன். பத்துச் சனிக்கிழமைகளையும் மைனியிடம் வரிசையாகக் காட்டி, தப்பு என்னுடையது என்று சொன்னேன். மைனி நோட்டை வாங்கக்கூட இல்லை.

"அது அவருக்குத் தெரியும் மக்கா" என்றார். "எப்ப இருந்து மெலிஞ்சுதுன்னு டாக்டர் மொத நாளே கேட்டு, அப்பவே வந்திருக்கணும்னு அவருகிட்டயும் சொல்லியாச்சு. எனக்க அண்ணன்மாரு உன்னத் தேடி ஜிம்முக்கு வாறோம்னு நின்னாங்க. இவருதான் விடல்ல. வாறவங்ககிட்ட எல்லாம் நான் முந்தி நல்லதாச் சொல்லிட்டா, பின்ன ஒருத்தனும் அவனக் குத்தம் பேசமாட்டான்னு சொன்னாரு."

நான் நோட்டை மூடினேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மைனி" என்றேன்.

"நீயா சொல்லுவேன்னு பாத்துட்டு இருந்தாரு."

அந்த எட்டு மாதமும் நான் நாள் தவறாமல் அவர் கட்டிலருகே போய் உட்கார்ந்திருந்தேன்.