ஒரு கைப்பிடி முடி

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிவிட்டு, "பாக்காததுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அரியமங்கலத்தில் நான் வெல்டராக இருந்த பட்டறையில் அவர் இன்ஸ்பெக்டர். நான் பற்றவைத்த இடத்தில் சிவப்பு மருந்தைத் தடவித் துடைத்து, மேலே வெள்ளையைத் தெளிப்பார். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாக எழும்பி வரும். கோடு வராவிட்டால்தான் கையெழுத்து. அன்று லாரி வாசலில் நின்றது, முதலாளி கத்தினார். இவர் அசையவில்லை. ஐந்து ஜாயின்ட்டையும் குனிந்து பார்த்து முடித்த பிறகுதான் பேனாவைத் திறந்தார். அன்றைக்கு எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது.

ஸ்ரீரங்கத்துக்காரர். கோயிலை ஒட்டிய தெருவில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட மூன்று வயது சின்னவர், ஆனாலும் நான் 'சார்' என்பேன், அவர் 'மேஸ்திரி' என்பார். காலையில் பெருமாளைச் சேவிக்காமல் வேலைக்கு வரமாட்டார். எனக்குச் சாமி என்றாலே எரிச்சல்.

"உங்க பெருமாள் படுத்தே கெடக்காரே சார், எப்ப எந்திரிச்சு நியாயம் சொல்லப் போறாரு?" என்று சீண்டுவேன்.

"படுத்திருந்தாலும் கண் முழிச்சுண்டுதான் இருக்கார் மேஸ்திரி. நீங்க மொதல்ல அந்த ஜாயின்ட்டை அரைச்சு எடுங்க" என்பார். பட்டறையே சிரிக்கும்.

கடவுள் நல்லவர், அது அவர் குணம், குணம் மாறாது, ஆகவே நியாயம் தப்பாது என்பது அவர் கட்சி. எனக்குக் கட்சியே கிடையாது. என் மகள் சாகும்வரை.

அவளுக்கு ஐந்து வயது. குழந்தையில் ஒருமுறை ஜன்னி கண்டபோது, முதல் முடியைச் சமயபுரத்தில் இறக்குவதாக என் மனைவி வேண்டிக்கொண்டாள். அதுவரை கத்தரி படக்கூடாது. போக வேண்டும், போக வேண்டும் என்று வருஷங்கள் ஓடின. முடி இடுப்பைத் தொட்டது. தலை முழுக்கப் பேன். பிள்ளை சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கோபம் தலைக்கேறி, பாலக்கரையில் இருந்த சலூனுக்கு இழுத்துப்போய் மொட்டை அடித்துவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் தலையைத் தடவிக்கொண்டு, "காத்து ஜிலுஜிலுங்குதுப்பா" என்று சிரித்தாள். இரண்டு மாதத்தில் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் போய்விட்டாள்.

பிள்ளையை எடுத்து அடக்கம் செய்த அன்றே மனைவியின் சித்தி வாயைத் திறந்தாள். "ஆத்தாளுக்குன்னு விட்ட முடியை நாசுவன் கடையில கொட்டினா, ஆத்தா சும்மா இருப்பாளா?"

என் மனைவி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தடுக்காமல் விட்டது தன் குற்றம் என்று முடிவு செய்துகொண்டு, சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். சாமி நியாயம் தவறாதவள், தண்டனை கொடுத்துவிட்டாள், அவ்வளவுதான் அவள் கணக்கு. நான் கெஞ்சினேன், திட்டினேன். அழுகிற குழந்தைக்கு ஊட்டுவதுபோல் ஊட்டியும் பார்த்தேன். தண்ணீர் மட்டும் இறங்கியது. இவளும் போய்விடுவாள் என்று பயந்தேன்.

ஒன்பதாம் நாள் இன்ஸ்பெக்டர் சார் வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு வெறி வந்தது. வாசலிலேயே கேட்டேன்.

"உங்க சாமி நல்லவருன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார், பாப்போம்."

அவர் முகம் சுருங்கியது. "நான் பாத்ததில்லையே மேஸ்திரி" என்றார்.

உள்ளே சுவரோரம் படுத்திருந்த மனைவி தலையைத் தூக்கினாள். "முடிக்காகத்தான் எடுத்துக்கிட்டாளா சார்?"

"இல்லைம்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "வருஷா வருஷம் சமயபுரத்தா நமக்காக இருபத்தெட்டு நாள் பட்டினி கெடக்கறா. நைவேத்தியம் சோறு கெடையாது, இளநீரும் மோரும்தான். ஊர்ல உள்ள பிள்ளைங்க நன்னா இருக்கணும்னு வயித்தைக் காயப் போடறவ, ஒரு கைப்பிடி முடிக்காக ஒரு பிள்ளையைத் தூக்குவாளாம்மா? தூக்கினா அவ அம்மாவே இல்லை. இது தண்டனைன்னு சொன்னா, அது அவ மேல பழி."

"அப்ப ஏன் சார் செத்தா?" என்றேன் நான்.

"தெரியலை மேஸ்திரி" என்றார். அழுதுகொண்டிருந்தார்.

மனைவி சுவரைப் பிடித்து எழுந்தாள். மூன்று பேருக்குக் காப்பி போட்டாள். அவளும் குடித்தாள்.

அதன்பிறகு பதினோரு வருஷம் யோசித்துவிட்டேன். கடவுள் குணமே நல்லது என்றால் என் பிள்ளையின் சாவு நியாயமாக இருக்க வேண்டும். அதை நியாயம் என்று எவன் சொன்னாலும் அறைவேன். நியாயம் இல்லை என்றால், கடைசியில் எல்லாம் சரியாகும் என்பதற்கு யார் பொறுப்பு? எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் என் மனைவியைத் தூக்கி நிறுத்தினார். அதையும் இல்லை என்று சொல்ல முடியாது.

போன மாதம் அவர் இறந்துவிட்டார். மாரடைப்பு. நானும் மனைவியும் ஸ்ரீரங்கம் போனோம். அவர் வீட்டம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"உங்காத்துக்கு வந்துட்டுப் போனப்பறம் ஒரு வருஷம் அவர் பெருமாளைச் சேவிக்கவே இல்லை, தெரியுமோ? தினம் குளிச்சு, திருமண் இட்டுண்டு கிளம்புவார். கோபுர வாசலோட திரும்பிடுவார். ஏன்னு கேட்டா, அந்தக் குழந்தைக்குப் பதில் சொல்லட்டும், அப்பறம் உள்ளே போறேம்பார்."

"பதில் வந்துச்சாங்களா?" என்றேன்.

"வரலை. ஒரு நாள் உள்ளே போய்ட்டு வந்தார். கோபம் போயிடுத்தான்னு கேட்டேன். போகலை, ஆனா பாக்காம இருக்க முடியலைன்னார்."

அந்த ஒரு வருஷமும் நான் அவரைத் தினம் சீண்டியிருக்கிறேன். ஒருநாள்கூட அவர் சொல்லவில்லை. என் பிள்ளைக்காகக் கோபப்பட்டவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது மனைவி கோயிலுக்குள் போனாள். நான் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கோபுர வாசலில் நின்றேன். உள்ளே பார்த்து, "அந்த மனுசனுக்காவது இப்ப பதில் சொன்னியாய்யா?" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. பூக்காரம்மா திரும்பிப் பார்த்தார்.