ஜனவரிப் பக்கத்து ஆந்தை

“முதல்ல வாரைக் கழுத்துல மாட்டு. அப்புறம் தொடு.”

பெர்சிதா போட்டிருந்த ஒரே சட்டம் இதுதான். இதற்குக் கட்டுப்பட்டால், செர்பியாவின் கிகிண்டா ஊர்ச் சதுக்கத்தில் யார் வேண்டுமானாலும் அவளுடைய கேமராவை வாங்கிப் பார்க்கலாம். லென்ஸ் மட்டுமே முழங்கை நீளம். மாமனார் விட்டுப்போன திராட்சைத் தோட்டத்தை விற்று வாங்கியது. அதைப் போய் வெங்காயம் வாங்க வந்தவளிடமும், தபால்காரரிடமும், பூரெக் பலகாரம் தின்ற எண்ணெய்க் கையோடு வருகிறவனிடமும் நீட்டுகிறாளே என்று ஊர் சிரித்தது. சிரித்தவர்களும் ஒருநாள் வந்து கழுத்தை நீட்டினார்கள்.

குளிர்காலத்தில் அந்தச் சதுக்கத்து மரங்களில் நூற்றுக்கணக்கில் ஆந்தைகள் வந்து அடையும். பகலெல்லாம் தூங்கும். ஊர்க்காரர்கள் தலையில் எச்சம் விழாமல் ஒதுங்கிப் போவார்களே தவிர, அண்ணாந்து பார்ப்பது அபூர்வம். பெர்சிதா ரொட்டிக் கடையில் விடியுமுன்னே அடுப்படிக்குப் போய், பத்து மணிக்கு வேலை முடித்து, நேராக அந்த மரங்களுக்குக் கீழேதான் வந்து நிற்பாள். அவளிடம் கேமரா வாங்குகிறவர்கள் எந்தக் கண்ணை மூடுவது என்று தெரியாமல் இரண்டையும் மூடுவார்கள்.

“ஒண்ணுமே தெரியலையே அக்கா.”

“கண்ணைத் திற, தெரியும்.”

திறந்ததும் ஆந்தையின் ஆரஞ்சுக் கண் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். பாதிப் பேர் பயந்து பின்வாங்குவார்கள். அதைப் பார்ப்பதில் பெர்சிதாவுக்குத் தனிச் சந்தோஷம்.

தாராள மனசு என்று ஊர் நினைத்தது. அதில் பாதி ரோஷம். பத்து வருடங்களுக்கு முன்பு, அவளிடம் கேமரா இல்லாத காலத்தில், புகைப்படச் சங்கத்தின் தலைவர் ஸ்வெதோசாரிடம் அவருடைய கேமராவை ஒரே ஒரு நிமிடம் பார்க்கக் கேட்டாள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அவர். “கையில மாவு இருக்கேம்மா” என்றார். மாவு இல்லை. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். அந்த ஒரு சொல் அவளுக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சங்கம் ஆண்டுதோறும் ஒரு சுவர் நாட்காட்டி போடும். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு படம், ஒவ்வொன்றின் கீழேயும் எடுத்தவர் பெயர். வங்கியிலும் முடிதிருத்தும் கடையிலும் மருத்துவமனையிலும் அதுதான் தொங்கும். ஒன்பது வருடமாக பெர்சிதா படம் அனுப்பினாள். ஒன்றுகூட ஏறவில்லை. வாத்தியார் ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டைப் பாடுவார்.

“குறை சொல்ல ஒண்ணுமில்லம்மா. ரொம்ப ஒழுங்கா இருக்கு. அதுதான் குறை.”

இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்து யோசித்து அவளுக்கு மண்டை காய்ந்தது. அந்தப் பன்னிரண்டு பக்கங்களில் ஒன்றில் தன் பெயரைப் பார்க்கவேண்டும். ஐம்பத்து நான்கு வயதில் அவளுக்கு வேறெந்த ஆசையும் இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை.

கேமரா கேட்டு வருகிறவர்களில் மிக மோசமானவன் ஒப்ராத். ஸ்ரெனியானின் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸின் ஓட்டுநர். தொந்தியும் சிரிப்புமாக ஆள் வருவது தூரத்திலேயே தெரியும். பஸ் கிளம்ப இருக்கிற இருபது நிமிடத்தில் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே ஓடி வருவான். இரண்டு குளிர்காலமாகப் பழகியும் அவன் எடுத்த எந்தப் படமும் தேறவில்லை.

“உன் கை ஸ்டீயரிங் பிடிக்கத்தான் லாயக்கு” என்பாள்.

“அதையே சரியாப் பிடிக்கலைன்னு பயணிகள் சொல்றாங்களே அக்கா!”

நவம்பர் கடைசியில் முதல் பனி விழுந்தது. அன்றைக்கு ஒப்ராத் கேமராவை மாட்டிக்கொண்டு நின்றபோது, மேல்கிளையில் இருந்த ஆந்தை தூக்கத்தில் உடம்பை உதறியது. அதன்மேல் இருந்த பனி மொத்தமும் கீழ்க்கிளை ஆந்தையின் தலையில் பொத்தென்று விழுந்தது. அந்த ஆந்தை அசையவில்லை. ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்து, ‘யார்டா அது’ என்பது போல் மேலே பார்த்தது. ஒப்ராத்துக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தொந்தி குலுங்க, கேமரா ஒரு பக்கம் சாய, பட்டனை அமுக்கியவன் விடவேயில்லை.

“எல்லாம் கோணல்மாணலாப் போச்சு அக்கா, அழிச்சிடுங்க!” என்று வாரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தபோது பெர்சிதா ஒரு படத்தில் நின்றுவிட்டாள். மரம் சாய்ந்து கிடந்தது. பனித்துகள் இன்னும் காற்றில் நின்றது. அந்த ஒற்றைக் கண் பார்வையைக் கண்டு, பின்னால் நின்ற கணவன் வுகாஷின் வாய்விட்டுச் சிரித்தான். அவன் சுலபத்தில் சிரிக்கிற ஆள் இல்லை. அவள் வழக்கம்போல் படத்தை நிமிர்த்தினாள். நிமிர்ந்ததும் அது வெறும் இரண்டு ஆந்தையாகிவிட்டது. மறுபடி சாய்த்தாள், சிரிப்பு திரும்பி வந்தது. நாலு முறை நிமிர்த்திப் பார்த்துவிட்டுக் கடைசியில் அப்படியே விட்டாள்.

“அனுப்பு” என்றான் வுகாஷின்.

“ஒப்ராத் எடுத்ததுப்பா.”

“அவன் அமுக்கினான். எடுத்தது நீ. கேமரா உன்னோடது, எல்லாத்தையும் திருகி வெச்சது நீ. நீ பெசைஞ்ச மாவை ஒருத்தன் அடுப்புல தள்ளினா, ரொட்டி அவனோடதா?”

அவளுக்கு வேண்டியிருந்த பேச்சு அது. தன் பெயரைப் போட்டு அனுப்பினாள்.

தேர்வுக் கூட்டத்தில் வாத்தியார் படத்தைத் திரையில் போட்டு வெகுநேரம் நின்றார். பிறகு எல்லோருக்கும் முன்னால் அவள் பக்கம் திரும்பினார்.

“இந்தச் சாய்வு இருக்கே அம்மா, இதைத்தான் நான் ஒன்பது வருஷமாத் தேடினேன். நேரா எடுத்திருந்தா செத்துப் போயிருக்கும். எப்படித் தோணிச்சு உங்களுக்கு?”

மாவும் அடுப்பும் பேசிய நியாயமெல்லாம் அந்த ஒரு கேள்வியில் கரைந்துபோனது. அவர் புகழ்ந்த அந்த ஒன்றுதான் அவளுடையது இல்லை. உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள்.

“தோணிச்சு” என்றாள்.

படம் ஜனவரிப் பக்கத்துக்குத் தேர்வானது. கைதட்டினார்கள். வீட்டுக்கு நடந்தபோது அவளுக்கு அழுகைதான் வந்தது, அதுவும் சந்தோஷ அழுகை இல்லை. நாட்காட்டி வந்தபிறகு வங்கிக்குப் போனாலும் பார்வையைக் கவுண்டரோடு நிறுத்திக்கொண்டாள். சதுக்கத்துக்குப் போவதையும் விட்டாள். கேமரா பையோடு கடையில் ஆணியில் தொங்கியது.

ஒருவாரம் பொறுத்த ஒப்ராத் கடைக்கே வந்துவிட்டான்.

“என்ன அக்கா, பெரிய ஆளாயிட்டீங்க, எங்களை மறந்தாச்சா? வாங்க, ஒண்ணு காட்டணும்.”

விடவில்லை. ஏப்ரனோடு இழுத்துக்கொண்டு போனான். அவளும் எதற்கென்று தெரியாமலே ஆணியில் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பஸ்ஸில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், ஜனவரிப் பக்கம் தொங்கியது.

“இவங்கதான்!” என்று ஒப்ராத் பஸ்ஸுக்கே கேட்க அறிவித்தான். “தினம் சொல்றேனே, அவங்க. அன்னிக்கு நானும் பக்கத்துல இருந்தேன். நான் அமுக்கினதெல்லாம் குப்பை, அதுக்கப்புறம் அக்கா வாங்கி எடுத்தாங்க பாருங்க, இதான்.”

முன் இருக்கையில் கூடையோடு இருந்த அம்மாள் தலையாட்டினாள். பெர்சிதாவால் அதற்குமேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. பையைத் திறந்து கேமராவை எடுத்து, அன்றைய படங்களை ஒவ்வொன்றாக அவன் முகத்துக்கு நேரே தள்ளினாள். ஆந்தை. ஆந்தை. பனி. ஒற்றைக் கண். சாய்ந்த மரம். பிறகு பெஞ்சு, பிறகு மிதிபட்ட பனி, கடைசியாக, விரலை எடுக்க மறந்தவனின் தொந்தி விளிம்பும் இரண்டு பூட்சும்.

ஒப்ராத் தன் காலைக் குனிந்து பார்த்தான். அதே பூட்ஸ். சிரிப்பு அவன் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

“இது நான் எடுத்ததா?”

“நீ எடுத்தது. நான் என் பேரைப் போட்டுட்டேன்.”

அவன் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டான்.

“ஒரு வாரமா ஏறின ஆளுக்கெல்லாம் உங்க பேரைச் சொல்லிட்டேனே அக்கா. இனிமே நான் எடுத்தேன்னு சொன்னா எவன் நம்புவான்?”

பெர்சிதா பயணிகள் பக்கம் திரும்பினாள். கடைசி இருக்கைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“இந்தப் படத்தை எடுத்தது நான் இல்லை. இந்த ஒப்ராத். தெரிஞ்சேதான் என் பேரைப் போட்டேன். வாத்தியார்கிட்டயும் பொய் சொன்னேன். நாளைக்கு அவர்கிட்டயும் போய்ச் சொல்லிடுவேன்.”

பின்னாலிருந்து ஒருவர், “சரிம்மா, பஸ் கிளம்புமா?” என்றார்.

கிளம்பியது. பெர்சிதா இறங்கவில்லை. மாவு ஏப்ரனோடு கம்பியைப் பிடித்து நின்றபடி, நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஏறியவர்களிடம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சிலர் ஆந்தையைப் பார்த்தார்கள், சிலர் அவளைப் பார்த்தார்கள், ஒரு பெண் நேராகவே “வெட்கமா இல்லையா?” என்று கேட்டாள். “இருக்கு” என்றாள். ஒப்ராத் வாயே திறக்காமல் வண்டியை ஓட்டினான்.

வழியில் பாஷாயித் கிராமத்தில் ஒரு கிழவர் ஏறி, சீட்டுக்குச் சில்லறை தேடும்போதே படத்தைப் பார்த்துக் களுக்கென்று சிரித்துவிட்டார். பெர்சிதா சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஒப்ராத் முந்திக்கொண்டான்.

“நான் எடுத்தது” என்றான், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “கோணலா இருக்குல்ல? அப்படித்தான் இருக்கணும்.”