முன்னுக்கு நின்ற கல்

மடத்துவெளி ஊரில் நாகபூசணியின் வாய்க்கு அஞ்சாதவர் கிடையாது. குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி வரும் நாளில் அவருடைய சத்தம் சந்தி வரை கேட்கும். ஆனாலும் அது நியாயமான வாய். அங்கே தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் கானை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிட்டு அவிக்கலாம். கான் நின்றால் ஆள் நின்றதுக்குச் சமம். பரம எதிரியின் கானைக்கூட ஒருவரும் இடம் மாற்றி அரக்கமாட்டார்கள். ஒன்றுதான், பவுசர்க்காரர் கானைத் தூக்கி "இது ஆற்றை?" என்று, அதாவது யாருடையது என்று, கேட்டதும் சட்டென்று பதில் சொல்லவேண்டும். வாயை மூடிக்கொண்டு நின்றால் முறை போய்விடும்.

போன கோடையில் பவுசர் பழுதாகிப் பல வாரம் வரவில்லை. கிணறுகளிலோ உப்புத் தண்ணீர். கேட்க வேண்டிய இடமெல்லாம் கேட்டுக் களைத்த பெண்கள், நாகபூசணி சொன்னபடி, கான் வரிசையைப் பெருந்தெருவுக்குக் குறுக்கே வைத்தார்கள். ஊர்க்காரரான பஸ் சாரதி கான்மேல் ஏற்றுவாரா? பஸ்ஸை நிறுத்திவிட்டார். கண் ஒப்பரேசனுக்காக யாழ்ப்பாணம் புறப்பட்ட குலசிங்கம் உள்ளே இருந்தார்.

"உங்கட தண்ணிக்கு என்ர கண்ணையோ பறிக்கிறியள்?" என்று கத்தினார். ஒருத்தியும் விலகவில்லை. அவருக்குக் கிடைத்திருந்த திகதி தவறிப்போனது.

பொலிஸ் வந்ததும் பெண்கள் வேலியோரம் ஒதுங்கினார்கள். முன்னுக்கு நின்ற நீலக் கானைப் பொலிஸ்காரர் தூக்கினார்.

"இது ஆற்றை?"

"என்ர!" என்றார் நாகபூசணி.

பழக்கதோஷம்! கானோடு அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்றக் கான்களுக்கு அன்று சொந்தக்காரரே இல்லை.

வழக்கு முடியும்வரை அடைத்துவைத்த விளக்கமறியலில் அவரை அரித்தது குலசிங்கத்தின் கண்தான். பிழை பிழைதான், அபராதமாகக் குற்றக்காசு கட்டலாம், ஏச்சும் கேட்கலாம். ஆனால் வழக்குப் போட்டவர்கள், மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று வருடக்கணக்கில் சிறை கேட்டார்கள். தண்ணீர் கேட்டவளுக்கே இவ்வளவு என்றால் கொலைகாரனுக்கு என்ன மிச்சம் வைத்திருக்கிறார்கள், சொல்லுங்கள்!

குலசிங்கம் சாட்சிக்கூண்டில் ஏறினார்.

"தெருவை மறித்தவர் இவரா?" என்று நீதவான் கேட்டார்.

"ஓம் ஐயா, இவதான்."

"உமக்குப் பாதிப்பு ஏற்பட்டதா?"

"ஓம். கண் இன்னும் மங்கல்தான். கோவமும் ஆறேல்லை. குற்றக்காசு போடுங்கோ, நல்லாப் போடுங்கோ. சிறைக்கு மட்டும் அனுப்பாதேங்கோ."

"ஏன்?"

குலசிங்கம் மேசையில் இருந்த நீலக் கானைக் காட்டினார்.

"அவவின்ர கானை இஞ்ச கொண்டுவந்திட்டியள். பவுசர் திரும்ப ஓடுது. அவவின்ர இடத்தில நான் ஒரு கல்லு வைச்சிருக்கிறன், முன்னுக்கு. ஒருத்தரும் அரக்கேல்லை. எத்தினை வருசம் ஐயா அந்தக் கல்லு நிக்கிறது?"

நீதவான் குற்றக்காசோடு விட்டார். விளக்கமறியலில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத நாகபூசணி, நீதிமன்ற வாசலில் நின்று விம்மி விம்மி அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு குலசிங்கத்திடம் போனார்.

"அண்ணை, கண் ஒப்பரேசன் எப்ப?"

"வாற மாசம்."

"நானும் கூட வாறன். எவள் பஸ்ஸை மறிக்கிறாள் எண்டு பாப்பம்."