இந்தா வாரேன்

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கொன்றும் வருத்தமில்லை. யாருக்கு நடந்ததோ அவனிடமே கேட்டுக்கொள்கிறோம் என்றால் அது முடியாது. ஏன் முடியாது என்பது கடைசியில் தெரியும்.

மண்டபம் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிற நெய்னா முகம்மதுவுக்கு உலகத்தில் இருந்த ஒரே சொத்து அவன் தொண்டை. கரையில் அத்தனை போட்டும் எஞ்சினை ஓடவிட்டு நின்றாலும் அவன் குரல் தனியாகக் கேட்கும். "இவன் ஏலம் கூவுனா சிலோன்காரன் அங்கன இருந்து கையத் தூக்குறான்" என்று வியாபாரிகள் கேலி செய்வார்கள். அவனுக்கு அதில் பெருமை தாங்காது. ஏலக்காரனுக்குத் தொண்டை போனால் சோறு போச்சு என்று தினமும் சுக்குத் தண்ணீர் குடித்து அதைக் காப்பாற்றி வந்தான்.

வீட்டில் மட்டும் அந்தக் குரலுக்கு மரியாதை கிடையாது. காரணம் ஒரே வார்த்தை. யார் எங்கிருந்து கூப்பிட்டாலும், யோசிக்கக்கூடச் செய்யாமல், "இந்தா வாரேன்!" என்பான். வரமாட்டான். நம் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் உள்ள வியாதிதான், இவனுக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது. டீக்கடை பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டே போனில் "இந்தா வாரேன்" சொல்லுவான்.

"உங்க வாரேனை நம்பி உலை வச்சா சோறு குழைஞ்சுதான் போகும்" என்பாள் மனைவி சூஃபியா.

அந்தச் சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, போட்டெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. ஏலம் இல்லை. சும்மா இருக்க முடியாத நெய்னா, மச்சான் காஜா நவாஸிடம் போய் ஒட்டிக்கொண்டான். காஜா நவாஸ் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கயாக் வாடகைக்கு விடுகிறவர். பத்து நாளில் நெய்னா துடுப்புப் போடக் கற்றுக்கொண்டான். பதினோராம் நாள், தனியாக ஒரு ராத்திரி ஆற்று முகத்தில் போய்த் தங்கி வரப்போவதாக அறிவித்தான். யார் சொல்லியும் கேட்கவில்லை.

நம் மாவட்டத்து ஆறுகளைப் பற்றித் தெரியுமல்லவா? கோடையில் மேலே பார்த்தால் வெறும் மணல், ஆடு மேயும். முகத்துவாரத்தில் மட்டும் கடல் உள்ளே ஏறி வந்து, அலையாத்திக் காட்டுக்குள் கிளை கிளையாகப் புகுந்து நிற்கும். அந்தக் கிளைகளைக் கழி என்பார்கள். தாழைவலசை என்கிற சின்ன ஊருக்குப் பின்னால் அப்படி ஒரு நெடுங்கழி. அதைக் கடந்தால் வெளியே மணல் திட்டு. அங்கேதான் டென்ட் போடுவதாகத் திட்டம்.

கயாக்கைக் குட்டியானை வண்டியிலிருந்து இறக்க உதவியவர் அந்த ஊர் வள்ளக்காரர் குருநாதன். அவர் ஒன்று சொன்னார்.

"நாலு மணிக்கு வத்தம் ஆரம்பிச்சுரும் பாய். தண்ணி மளமளன்னு இறங்கும். அதுக்குள்ள திட்டுக்குப் போயிருங்க. உள்ள மாட்டிக்கிட்டா கீழ இறங்காதீங்க, சேறு முழுங்கிரும். சத்தமும் போடாதீங்க. திட்டுல உங்க லைட்டு தெரியலேன்னா ஏத்தம் வந்ததும் நானே வள்ளத்தோட வந்துர்றேன்."

"ஏண்ணே, சத்தம் போட்டா பாரஸ்ட்காரவுக வந்துருவாகளோ?"

குருநாதன் சிரிக்கவில்லை. "போடாதீங்கன்னா போடாதீங்க."

கழிக்குள் நிழல் சுகமாக இருந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் மேலே கை கோத்து நின்றன. பாதி வழியில் பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்தான். சூஃபியா போன் செய்தாள்.

"எங்கன இருக்கீங்க?"

"இந்தா, திட்டுக்கு வந்துட்டேன்" என்று வழக்கம்போல ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, கயாக்கிலேயே சாய்ந்து கண்ணை மூடினான். ஐந்து நிமிடம்தான்.

விழித்தபோது கயாக் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. மணி ஆறு நாற்பது. தண்ணீர் இல்லை.

முன்னால் சேறு. பின்னால் சேறு. கறுத்து மினுமினுத்துக்கொண்டு நெடுகக் கிடந்தது. இரண்டு பக்கமும் மரத்து வேர்கள் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டு, ஆள் நுழைய முடியாத அடைப்பு. துடுப்பை ஊன்றித் தள்ளினான். துடுப்பு பாதிவரை இறங்கியதே தவிர கயாக் அசையவில்லை. சரி, ஒரு காலை வைத்துப் பார்ப்போம் என்று இறக்கினான்.

கால் தொடைவரை போய்விட்டது. தரை தட்டவில்லை. யாரோ பிடித்துக்கொண்டது போலச் சேறு காலைக் கவ்வியது. கயாக்கின் விளிம்பைக் கட்டிப்பிடித்து, மூச்சு வாங்க வாங்க, அங்குலம் அங்குலமாகக் காலை உருவினான். செருப்பு உள்ளேயே போய்விட்டது. நெய்னாவுக்கு அப்போதுதான் வேர்த்தது.

போனை எடுத்தான். 'இலங்கைக்கு நல்வரவு' என்று ஒரு மெசேஜ் வந்திருந்தது. நம் கரையில் இது அடிக்கடி நடக்கும். நம்ம டவர் விட்டுப்போய் அந்தக் கரை டவரைப் பிடித்துக்கொள்ளும். சூஃபியாவுக்கு அடித்தான். போகவில்லை. மச்சானுக்கு அடித்தான். போகவில்லை.

ஏத்தம் வர இன்னும் மூன்று மணி நேரமாவது ஆகும். அதுவரை இந்தப் பிளாஸ்டிக் தொட்டிதான். கொசு மொய்த்தது. நண்டுகள் சேற்றில் டிக்... டிக்... என்று சொடுக்கின. வெளிச்சம் முழுக்கப் போய்விட்டது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"முட்டளவு...!"

பெண் குரல். தூரத்தில், கழியின் உள்பக்கமிருந்து வந்தது. அதற்குப் பின்னால் வேறு பெண்களின் குரல், ஒன்றன்பின் ஒன்றாக.

"வாரேன்..."

"வாரேன்..."

"வாரேன்..."

நெய்னாவுக்கு உயிர் வந்தது. அவனுக்கு இது தெரிந்த விஷயம். கழிகளில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் வரிசையாகத்தான் நடப்பார்கள். முன்னால் போகிறவள் தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே போவாள், பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராகப் பதில் கொடுப்பார்கள். அவர்கள் நடக்கிறார்கள் என்றால் நடக்கிற மாதிரித் தரை அங்கே இருக்கிறது. வழி காட்டுவார்கள்.

"ஏம்மா! இங்கன ஒரு ஆளு மாட்டிக்கிட்டேன்!" என்று கத்தினான்.

யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பிறகு அதே பெண், யாரையோ தேடுகிற குரலில்...

"கடைசி ஆளு... வாறியா...?"

பதில் இல்லை.

"கடைசி ஆளு... வாறியா...?"

அந்தக் குரலில் இருந்த தவிப்பைக் கேட்க அவனுக்கே பாவமாக இருந்தது. மூன்றாவது தடவை அவள் கூப்பிட்டபோது யோசிக்கவில்லை. பழகின வாய் தானாகத் திறந்தது. துறைமுகத்தையே எழுப்புகிற அந்தக் குரலில், முழுசாக...

"இந்தா வாரேன்!"

நண்டுச் சத்தம் நின்றது.

கொசு நின்றது.

கழி முழுக்க யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. பிறகு அவள் கூப்பிட்டாள். முன்னைவிட ரொம்பப் பக்கத்தில்.

"இடுப்பளவு...!"

மற்றப் பெண்கள் பதில் கொடுக்கவில்லை. அவனுக்காகக் காத்திருந்தார்கள்.

நெய்னா டார்ச்சை அடித்தான். வெளிச்சம் போகிற தூரம்வரை சேறு. இடுப்பளவுத் தண்ணீர் எங்கே இருக்கிறது? கணுக்கால் நனையக்கூட இல்லையே. அவர்கள் கையில் விளக்கும் இல்லை. நடக்கிற சளப் சளப் சத்தமும் இல்லை... குரல் மட்டும் நடந்து வந்தது.

குருநாதன் சொன்னது அப்போதுதான் உறைத்தது. சத்தம் போடாதீங்க.

டார்ச்சை அணைத்தான். கயாக்குக்குள் குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். ஓட வேண்டும். எங்கே ஓட? இறங்கினால் சேறு. இருந்தால் இது.

"மாரளவு...!"

அந்த வளைவில்தான். கல் எறிகிற தூரம்கூட இல்லை.

கயாக் ஆடியது.

மெதுவாக, இடமும் வலமுமாக, ஆழத் தண்ணீரில் மிதப்பது போல ஆடியது. கையை வெளியே விட்டுத் தொட்டான். சேறு. சொட்டுத் தண்ணீர் இல்லாத, பிசுபிசுத்த சேறு.

ஆனாலும் ஆடியது.

வாயில் ஓதத் தொடங்கினான். பாதியில் மறந்துபோனது. சின்ன வயதிலிருந்து தெரிந்த வரி, வரவில்லை.

"கழுத்தளவு...!"

காதுக்குப் பக்கத்தில். இல்லை, காதுக்குக் கீழே. அந்தக் குரல் ஆள் உயரத்திலிருந்து வரவில்லை. சேற்று மட்டத்திலிருந்து வந்தது. கழுத்துவரை முழுகினவள் முகத்தைத் தூக்கிப் பேசினால் எங்கிருந்து வருமோ, அங்கிருந்து.

அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

இறுக்கிப் பொத்தினான். பல் உதட்டில் பதிந்து ரத்தம் உப்புக் கரித்தது.

பேசமாட்டேன்.

பேசவே மாட்டேன்...

அப்போது அவன் முதுகுக்குப் பின்னால், கயாக்கின் வால் பக்கம், ஒரு குரல் கேட்டது.

"இந்தா வாரேன்!"

அது அவனுடைய குரல்.

வாய் பொத்தியபடியேதான் இருந்தது.

பத்தே காலுக்கு ஏத்தத்தோடு வள்ளத்தில் வந்தார் குருநாதன். லைட்டை முகத்தில் அடித்தார். நெய்னா இரண்டு கையாலும் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. கையை எடுக்க அவர் விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"பதில் குடுத்தீகளா பாய்?"

நெய்னா வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

குருநாதன் அவனை வள்ளத்தில் தூக்கிப் போட்டார். கயாக்கைக் கட்டி இழுத்தார். கரையில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

"அந்தக் கழியில இறால் தடவ ஆளு போயி இருபது வருசமாச்சு. கடைசியாப் போன வரிசை திரும்பல. பின்னாடி வந்த பிள்ளை பதில் கொடுக்கலைன்னு முன்னாடி போனவ திரும்பி நின்டு கூப்புட்டுக்கிட்டே இருந்துருக்கா, தண்ணி ஏறிருச்சு. இன்னமும் கூப்புடுறா. அதான் வத்த நேரத்துல நாங்க யாரும் கழிக்குள்ள வாயத் தொறக்குறதில்ல."

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே!" என்று கத்த நினைத்தான் நெய்னா. உதடுதான் அசைந்தது.

ராமநாதபுரத்தில் டாக்டர் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒரு கீறல்கூட இல்லை என்றார். ஒரு வாரத்தில் வரும், பத்து நாளில் வரும் என்றார்கள். தடைக்காலம் முடிந்தது. முதல் நாள் போட்டுகள் வந்து சேர்ந்தன. கரையில் இறாலும் நண்டும் கொட்டிக் கிடக்க, வியாபாரிகள் சுற்றி நிற்க, நெய்னா பழக்கத்தில் கையைத் தூக்கி வாயைத் திறந்தான். எல்லோரும் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ஏலக்காரர் சதக்கத்துல்லா வந்து, அவன் தோளில் கை வைத்து மெல்ல நகர்த்திவிட்டு, ஏலத்தைத் தொடங்கினார். அன்றைக்கு நெய்னா அழுததைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

அதற்கு நாலாம் நாள் சாயங்காலம். நெய்னா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சூஃபியாவின் போன் அடித்தது. குருநாதன்.

"தாயி, பாய் எங்கன இருக்காரு?"

"இந்தா எனக்கு எதிர்லதாண்ணே, சாப்புடுறாக."

குருநாதன் குரலைத் தாழ்த்தினார்.

"நல்லாப் பாருங்க தாயி. அவுகதானா?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீக?"

"மூணு நாளா வத்தத்துக்கு வத்தம் கேக்குது. முந்தாநாளு முட்டளவுன்னா. நேத்து இடுப்பளவு. நான் இப்ப கழி வாயிலதான் நிக்கிறேன். நீங்களே கேளுங்க."

போனைக் கழிப் பக்கம் நீட்டியிருப்பார் போல. காற்று இரைந்தது. நண்டுகள் சொடுக்கின. சொடுக்குவது நின்றது. பிறகு தூரத்தில் ஒரு பெண் குரல்...

"மாரளவு...!"

அதற்குப் பதிலாக, போன் ஸ்பீக்கர் அதிர, அவள் கல்யாணம் ஆன நாள் முதல் கேட்டுச் சலித்த அதே குரல், அதே இழுப்பு.

"இந்தா வாரேன்!"

போன் கட்டானது. சூஃபியா புருஷனைப் பார்த்தாள். அவன் கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது.

"அடுத்து என்னங்க...?" என்றாள். அவள் குரலே அவளுக்குக் கேட்கவில்லை. "நாளைக்கு... என்ன சொல்லுவா?"

நெய்னா சோற்றுக் கையைத் தட்டில் உதறினான். மற்றக் கையை மெதுவாகத் தூக்கி, தன் கழுத்தில் வைத்துக் காட்டினான்.