மலைப்பள்ளியில் நெட் நின்ற மத்தியானம்

கீழே பஞ்சர் கடையில் ரப்பர் சுடும் வாசனை... கள்ளக்குறிச்சியில் பார்த்த முதல் வேலையை நினைத்தாலே இன்றும் எனக்கு மூக்கில் ஏறுவது அதுதான். கடைக்கு மேலே ஒரே அறை. இரண்டு கம்ப்யூட்டர், நானும் பாபுவும். பள்ளிகளுக்கும் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுத்துப் பராமரிப்பது எங்கள் வேலை.

அதில் ஒன்று, கல்வராயன் மலைமேல் இருந்த ஒரு பெண்கள் விடுதிப் பள்ளி. இன்டர்நெட் வந்து சேர்வது ஆபீஸ் கட்டடத்துக்கு. கம்ப்யூட்டர் லேப் ரோட்டோரம் மேட்டில், தனியாக. இரண்டு இடத்திலும் கம்ப்யூட்டர் கேபிள்களை இணைக்கும் பெட்டி ஒவ்வொன்று, ஸ்விட்ச் என்போம்; நடுவில் ஒரே கேபிள். லேப் நெட்வொர்க், ஆபீஸ் நெட்வொர்க் எல்லாம் ஒன்றோடொன்று கலக்காமல் அந்தக் கேபிளிலேயே போகும். அதற்குத்தான் டிரங்க் என்று பெயர். எந்தெந்த நெட்வொர்க் போகலாம் என்று ஸ்விட்சுக்கு எண் போட்டு ஒரு பட்டியல் கொடுத்திருப்போம்.

அன்று புதிதாகக் கேமராக்கள் வந்திருந்தன. அவற்றுக்கு முப்பதாம் எண். அதைப் பட்டியலில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்தபடியே லேப் ஸ்விட்சுக்குள் போய்க் கட்டளையை அடித்தேன்.

add என்ற மூன்று எழுத்தை விட்டுவிட்டேன்.

அந்தச் சொல் இல்லாவிட்டால் ஸ்விட்ச் பழைய பட்டியலையே தூக்கிப் போட்டுவிட்டு முப்பதை மட்டும் வைத்துக்கொள்ளும். என்டர் தட்டியதும் திரை அப்படியே நின்றுவிட்டது. நான் உள்ளே போன வழியும் அந்தப் பழைய பட்டியலில்தான் இருந்தது...

மறுபடி உள்ளே போகப் பார்த்தேன், முடியவில்லை.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, செல்வி டீச்சர் போன் செய்தார். லேபைப் பார்த்துக்கொள்பவர். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், என் வயதுதான் இருக்கும்.

“மேடம், நெட்டு நின்னுபோச்சிங்க. பன்னெண்டு புள்ளைங்க காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டுகினு இருக்குதுங்க. இன்னிக்கி அஞ்சு மணியோட கடைசிங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே காரணமும் சொன்னார்.

“நேத்து மழைங்க. எங்கியோ ஒயரு அறுந்திருக்கும். எங்களுக்கு இது புதுசா இன்னா? ரெண்டு மணி பஸ்ஸு வந்து நிக்குது. புள்ளைங்கள ஏத்திகினு சங்கராபுரம் போயிடறேன். அங்க பிரவுசிங் சென்டர்ல போட்டுக்கறோம்.”

பாபு கேட்டுக்கொண்டே இருந்தான். போனைக் கையால் மூடும்படி ஜாடை காட்டிவிட்டு மெதுவாகச் சொன்னான்.

“ஒயருன்னே இருக்கட்டும், வுடு. மலைல யாரு வந்து பாக்கப் போறாங்க?”

உண்மைதான். யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. பழி மழைமேல் போய்விடும். ஆனால் ஈரமான மலைப்பாதையில் அந்த பஸ் வளைந்து வளைந்து இறங்க வேண்டும், சென்டரில் சிஸ்டம் காலியாக இருக்க வேண்டும், ஐந்து மணிக்குள் பன்னிரண்டு பேருக்கும் முடிய வேண்டும்...

“டீச்சர், ஒயரு இல்லிங்க. நான்தாங்க. தப்பா ஒண்ணு அடிச்சிட்டேன்.”

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

“செரி. இப்ப இன்னா பண்லாம்?” என்றார். திட்டவில்லை.

நான் அடித்ததை இன்னும் சேமிக்கவில்லை. ஸ்விட்சை அணைத்துப் போட்டால், கடைசியாகச் சேமித்த பட்டியலுக்கே போய்விடும். ஆனால் அதை முதலில் அமைத்தவர் எப்போதோ வேலையை விட்டுப் போனவர். ஒழுங்காகச் சேமித்து வைத்தாரா என்பது எனக்குத் தெரியாது. அதையும் மறைக்கவில்லை.

“ஸ்விட்சு பிளக்கப் புடுங்கிட்டு மறுபடி சொருவணுங்க. நெட்டு வர்றதுக்குத்தாங்க சான்ஸு ஜாஸ்தி. ஆனா கண்டிப்பா வரும்னு சொல்ல முடியலிங்க. அஞ்சு நிமிஷம் ஆவும்.”

“இருங்க” என்று ஜன்னல் பக்கம் போனார். அவர் கத்தியது எனக்கே கேட்டது.

“டிரைவரண்ணா! அஞ்சே நிமிஷம் நில்லுண்ணா! புள்ளைங்க படிப்பு விஷயம்ணா!”

பஸ் நின்றது.

டீச்சர் பிளக்கைப் பிடுங்கினார், பத்து எண்ணினார், மறுபடி செருகினார். பிறகு விளக்கைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

“ஆரஞ்சு எரியுதுங்க... இன்னும் ஆரஞ்சுதாங்க...”

பாபுவும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“பச்சைங்க!”

அதற்குப் பிறகு டீச்சர் குரல் கேட்கவில்லை. பிள்ளைகளின் கூச்சல்தான் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பஸ் கிளம்பும் சத்தமும்.

நாலரைக்கு மறுபடி கூப்பிட்டார்.

“பன்னெண்டும் போயிடுச்சிங்க மேடம்.” போனை வைக்குமுன் இன்னொன்றும் சொன்னார். “நீங்க ஒயருன்னே சொல்லியிருந்தா நான் நம்பிட்டு இருப்பேங்க.”

இப்போது பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறேன். ஒரு கட்டளை அடிப்பதற்கு இரண்டு பேர் ஒப்புதல் தர வேண்டும். தப்பாகப் போனால் ஸ்விட்ச் தானாகவே பழையபடி திரும்பிவிடும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லமாட்டேன்.

போன மாதம்கூட எங்கோ ஒரு நெட்வொர்க் விழுந்து, நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் எழுந்துவிட்டது. எந்த ஊர் என்று தேடிப் பார்த்தேன். அசாமில் ஏதோ ஒரு சின்ன ஊர்... பெயரை வாய்விட்டு இரண்டு தடவை படித்தேன்.

அந்த நேரத்தில் அங்கே யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்க, என்னிடம் ஒரு போன் நம்பர்கூட இல்லை.