நூல் விழும் இடம்

கேன்டீனில் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில், பித்தளைத் தட்டில் ஊற்றிய கொஞ்சம் தண்ணீருக்கு நடுவே, யாரும் பிடிக்காமல் ஓர் உலக்கை நின்றுகொண்டிருந்தது. அன்று கிரகணம் இல்லை, சாதாரணப் புதன்கிழமை. கிரகணத்தன்று தட்டில் உலக்கையை நிறுத்தினால் நிற்கும், கிரகணம் விட்டதும் தானாக விழுந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். நானே சின்ன வயதில் அதை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கதையை உடைப்பதற்கென்றே ஒரு மனிதர் மொபெட்டின் பின்னால் உலக்கையைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்திருந்தார். கேட்டில் செக்யூரிட்டி அதை ஆயுதம் என்று பிடித்து வைத்துக்கொள்ள, "யோவ், இது பிசிக்ஸ்யா" என்று கால்மணி நேரம் சண்டை போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவரை நாங்கள் லாஸ்ட் ரூம் அண்ணன் என்று கூப்பிடுவோம்.

ஆம்பூருக்கு வெளியே இருந்த ஷூ ஃபேக்டரி அது. ஷூ செய்யும்போது உள்ளே வைத்து வடிவம் பிடிக்கிற பிளாஸ்டிக் காலுக்கு லாஸ்ட் என்று பெயர். ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு சைஸுக்கும் தனித்தனியாக, ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றை வைத்திருக்கிற அறைக்கு அண்ணன்தான் பொறுப்பு. லாஸ்டுகளைச் சைஸ் பிரித்துக் கிரேட் என்கிற பெட்டிகளில் அடுக்குவது ஒரு அக்காவின் வேலை. விரிஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார், சைஸ் அக்கா என்போம். மூன்றாவது ஆள் நான், குவாலிட்டி செக்கர். அந்த அறை ஜன்னலில் நல்ல வெளிச்சம் வரும் என்பதால் என் மேஜையையும் அங்கேயே போட்டிருந்தார்கள். முடிந்த ஷூவைக் கண்ணாடிப் பலகையில் வைத்து விரலால் தட்டிப் பார்ப்பேன். துளி ஆடினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். என்னைக் கண்டால் லைன் சூப்பர்வைசர்களுக்கே கொஞ்சம் உதறல் உண்டு, அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

அண்ணனுக்கு எதையாவது நிற்க வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு ஸ்பூனை ஒன்றோடொன்று கோத்து, நடுவில் ஒரு தீக்குச்சியைச் செருகி, குச்சியின் நுனியை மட்டும் டீ கிளாஸ் விளிம்பில் வைத்துவிடுவார். மொத்தமும் அந்தரத்தில் தொங்கும், அவர் பாட்டுக்கு டீயைக் குடித்துக்கொண்டிருப்பார். ஹீல்ஸ் செருப்பைக் குதிகால் நுனியில் நிறுத்துவார். அவருடைய நாற்காலியின் நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஒருமுறை ஜெனரல் மேனேஜர் உள்ளே வந்தபோது உள்ளங்கையில் துடைப்பத்தை நிறுத்தியபடியே எழுந்து நின்று குட்மார்னிங் சொன்னார். துடைப்பம் விழவில்லை. மேனேஜர் எதற்காக வந்தார் என்பதையே மறந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே விளக்கம்தான். "எந்தப் பொருளா இருந்தாலும் அதோட மொத்த வெயிட்டும் ஒரு எடத்துல குந்திகினு இருக்கும்மா. அங்கிருந்து ஒரு நூல தொங்கவிட்டதா நெனச்சுக்கோ. நூலு காலுங்களுக்கு உள்ள வுழுந்தா நிக்கும். வெளிய போச்சுன்னா எவன் வந்து புடிச்சாலும் நிக்காது." துடைப்பத்தை நிறுத்தலாம், பென்சிலை நிறுத்த முடியாது, ஏனென்றால் உயரமானது மெதுவாகச் சாயும், கையை நகர்த்த நேரம் கொடுக்கும் என்றார். உலக்கைக்கும் கிரகணத்துக்கும் சம்பந்தமில்லை, அடியில் இருக்கிற இரும்புப் பூண் தட்டையாக இருந்தால் என்றைக்கும் நிற்கும், மற்ற நாளில் யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான் என்றார். கேன்டீனே கை தட்டியது. சைஸ் அக்கா மட்டும் தட்டவில்லை.

"நிக்கக்கூடாத நாள்ல நிக்குது தம்பி. எனக்கு பயமா இருக்குது. எடுத்துடு" என்றார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அக்காவின் பயத்துக்கு அறிவியலில் இடமில்லைதான். ஆனால் நிற்கிற ஒன்றைப் பார்த்து இனி அது நின்றுகொண்டேதான் இருக்கும் என்று நம்பியது எங்கள் இருவரின் முட்டாள்தனம். அக்காவுக்கு அந்த நம்பிக்கை கடைசிவரை வரவில்லை.

அந்த அறையின் நீளச் சுவரை ஒட்டி ஓர் இரும்பு ரேக் இருந்தது. ஏழு தட்டு, மேல் தட்டுக்கு ஏணி போட்டுத்தான் ஏற வேண்டும். கனமான பூட் லாஸ்டுகளை அண்ணன் அடித்தட்டில்தான் வைப்பார், மேலே போகப் போகச் சின்ன சைஸ். "அடில வெயிட்டு இருக்கணும். அதான் இதுக்கு நங்கூரம்" என்பார். ஆடி மாதத்தில் ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்று ஃபேக்டரி முழுவதும் பெயின்ட் அடித்தார்கள். ரேக்கைச் சுவரோடு பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்றி, நகர்த்தி, சுவருக்கு வெள்ளை அடித்து, ரேக்கைத் திரும்பத் தள்ளி வைத்தார்கள். போல்ட்டுகளை மட்டும் திரும்பப் போடவில்லை. அண்ணன் மெயின்டனன்ஸுக்கு ஸ்லிப் எழுதிக் கொடுத்தார். ஷிப்மென்ட் முடியட்டும் என்றார்கள். எங்கள் ஃபேக்டரியில் ஷிப்மென்ட் என்றைக்குமே முடிந்ததில்லை.

தரை சாக்கடை வாய்க்காலை நோக்கிச் சரிவாக இருந்ததால் ரேக்கின் முன்கால்கள் பள்ளத்தில் நின்றன, ரேக் லேசாக ஆடியது. அதற்கு அண்ணன் செய்ததை எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். முன்கால்களுக்கு அடியில் தோல் துண்டு வைத்தார். வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் எந்த வீட்டிலும் கட்டிலையோ கிரைண்டரையோ தூக்கிப் பாருங்கள், ஏதாவது ஒரு காலுக்கு அடியில் கட்டிங் வேஸ்ட் தோல் இருக்கும். என் வீட்டு ஃபிரிட்ஜ் மூன்று துண்டின் மேல் நிற்கிறது. அண்ணன் வைத்தது சாதாரணத் தோலும் இல்லை, ஷூவுக்கு அடிப்பாகம் வெட்டுகிற கெட்டித் தோல், ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு. மரக்கட்டை மாதிரி இருந்தது. ரேக்கைத் தட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. என் கண்ணாடிப் பலகையில் வைத்திருந்தால்கூட பாஸ் போட்டிருப்பேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் எதிர்த்து வந்து அறைக்குள் கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர் நின்றது. கெட்டித் தோல் காய்ந்திருக்கிறவரைக்கும்தான் கட்டை. ஊறினால் நகத்தை அழுத்தினால் பள்ளம் விழும், மேலே பாரம் இருந்தால் பிதுங்கும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் பதனிடுவதில் முதல் வேலையே தண்ணீரில் ஊறப்போடுவதுதான். தோலை ஊறவைத்துச் சோறு தின்கிற ஊரில், ஊறுகிற தோலின் மேல் ஏழு தட்டு ரேக்கை நிறுத்தி வைத்திருந்தோம். யாருக்கும் அது உறைக்கவில்லை.

நான் பார்த்தேன் என்பதுதான் விஷயம். ரேக்கின் உச்சிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் நுழையுமளவு இடைவெளி இருந்தது. ஏணியில் ஏறி எதையோ எடுக்கும்போது ஒருநாள் இரண்டு விரல் நுழைந்தது. அடுத்த வாரம் முழு உள்ளங்கையும் நுழைந்தது. இறங்கி வந்து அண்ணனிடம் சொன்னேன். அவர் உடனே ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டி, ரேக்கின் பக்கவாட்டில் தொங்கவிட்டார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "முன்காலுக்கு இன்னும் ஒரு சாண் உள்ளதான் வுழுது. பயமே இல்ல, போ" என்றார். அன்றைய கணக்கு சரிதான். ஆனால் நூல் அன்றைய நிலைமையைத்தான் சொல்லும், அடியில் என்ன ஊறிக்கொண்டிருக்கிறது என்று சொல்லாது. அதற்குப் பிறகு நான் ஏணியில் ஏறி விரலை நுழைத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து ரேக்கில் ஒட்டியிருந்தால் பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்தே ஆக வேண்டும். அண்ணன் முகம் சுண்டிப்போகும் என்று ஒட்டவில்லை. என் மேஜையை மட்டும் வெளிச்சம் பத்தவில்லை என்று சொல்லிக் கதவுப் பக்கம் நகர்த்திக்கொண்டேன். சைஸ் அக்கா ரேக்குக்கு நேர் கீழே, தரையில் பலகை போட்டு உட்கார்ந்துதான் சைஸ் பிரிப்பார். அவரை நகரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது, சொல்லவில்லை. இதில் பொய் சொல்லி இனி என்ன ஆகப்போகிறது.

மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், டீ வந்துவிட்டுப் போன நேரம். யாரோ நாற்காலியை இழுப்பது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. யாரும் எதையும் இழுக்கவில்லை. அக்கா குனிந்து லாஸ்ட் பொறுக்கிக்கொண்டிருந்தார், அவர் தலைக்கு மேலே ரேக் சுவரை விட்டு விலகிக்கொண்டிருந்தது. அண்ணன் சொன்னது மாதிரியே, உயரமானது, மெதுவாகச் சாய்ந்தது. அந்த நேரத்தில் அவர் ஓடிப்போய் முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் விரித்து ரேக்கைத் தாங்கிவிட்டார். "அக்கா, எந்திரி! வெளிய போ!" அக்கா தவழ்ந்து வெளியே வந்தார். மேல் தட்டிலிருந்து இரண்டு கிரேட் அவர் உட்கார்ந்திருந்த பலகைமேல் விழுந்து நொறுங்கின.

ரேக் நின்றது. அண்ணனின் கால்கள் ஈரத் தரையில் வழுக்கின. அவர் விலகினால் அவர்மேலேயே விழும், விலகவும் முடியாது. "மேல இருந்து எடுங்க... மேல இருந்து..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். எனக்கு நன்றாகக் கேட்டது. ஏணி கட்டிங் செக்‌ஷனில் இருந்தது, ஓடிப்போய்க் கொண்டுவர அரை நிமிடம் ஆகும். ஆனால் அவர் முதுகில் இருக்கிற பாரத்தை அந்த நொடியே குறைக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் புத்தியில் இருந்தது. கைக்கு எட்டியது அடித்தட்டு. அவரைச் சுற்றிக் குனிந்து, இருப்பதிலேயே கனமான பூட் லாஸ்ட் கிரேட்டைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். பாதி வெளியே வந்திருக்கும். நங்கூரத்தைப் பிடுங்கி, அதன் கனத்தையும் சாய்கிற பக்கமே கொண்டுவந்திருக்கிறேன் என்று எனக்குப் புரிவதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். காலால் என்னை எட்டி உதைத்துத் தள்ளினார். நான் கதவோரம் போய் விழுந்தேன். ரேக் அவர்மேல் விழுந்தது.

உதைத்த கால் மட்டும்தான் தப்பித்தது. இன்னொரு காலை வேலூரில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். நான்கு நாள் கழித்து விசாரிக்க ஓர் அதிகாரி ஆஸ்பத்திரிக்கே வந்தார். நான் கட்டில் ஓரமாக, ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். ரேக்கை முதுகில் தாங்கிப் பிடித்திருந்தபோது அடித்தட்டிலிருந்து கிரேட்டை எடுத்தது ஏன் என்று கேட்டார். அண்ணன் மேலே ஃபேனைப் பார்த்தபடி, "நான்தான் சார் எடுக்க சொன்னேன். கீழ இருந்து எடுன்னு நான்தான் கத்தனேன். அவசரத்துல ஒண்ணும் தோணல" என்றார். அதிகாரி என் பக்கம் திரும்பி, "அப்படியாம்மா?" என்றார். நான் "ஆமா சார்" என்றேன்.

அவர் போன பிறகு நான் அழுதேன். அண்ணன் எரிச்சலாக, "அடில தோல வெச்சவன் நானு. மீதியும் என் தலையிலயே இருக்கட்டும். உனக்கு இன்னும் எத்தினி வருஷம் வேல இருக்குது. வாய மூடிகினு போ" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு போனேன். தவறான உத்தரவு கொடுத்து விபத்துக்குக் காரணமானார் என்று எழுதி அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வருஷம் என்னை குவாலிட்டி இன்சார்ஜ் ஆக்கினார்கள்.

இப்போதும் ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறுவதற்கு முன் பைபாஸ் ஓரத்து டீக்கடையில் அவரைப் பார்ப்பேன். கட்டைக் காலை நீட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். போன வாரம் பழைய கட்டிங் ஆட்கள் நான்கு பேர் அவரைச் சுற்றி நின்று கலாய்த்துக்கொண்டிருந்தார்கள். "அவ்ளோ பிசிக்ஸ் பேசுவியே அண்ணா, அடித்தட்டுல கைய வெக்கக்கூடாதுன்னு சின்னப் பசங்களுக்கே தெரியும், உனக்கு எப்டி தெரியாம போச்சு?" என்றான் ஒருவன். "புத்தி கெட்டுப் போச்சுபா அன்னிக்கு" என்று அண்ணன் தலையில் தட்டிக்கொண்டார். என் பக்கம் பார்க்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.