தயாபரனின் பதினைந்து மீட்டர்

செய்தி வந்தபோது நான் சுவிஸில், ஷாஃப்ஹவுசனிலிருந்து வின்டர்தூருக்கு வரும் ரயிலில் இருந்தேன். தயாபரனின் மனைவி மாலினிதான் அழைத்தார். "அண்ணை, இவர் போயிட்டார். வேலையிலை இருக்கேக்கை நெஞ்சு நோகுதெண்டவராம்."

தயாபரனை அறிந்த எல்லோரும் அவரைப் பற்றி நல்லதையே எழுதுவார்கள். நானும் நல்லதைத்தான் எழுதப்போகிறேன், ஆனால் பொறாமையோடு. இது அவருக்குத் தெரிந்த விஷயம். நானில்லாத இடங்களில் அதைச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறார்.

வின்டர்தூரில் பல் வைத்தியர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்து கொடுக்கும் கூடமொன்றில் அவர் வேலை செய்தார். உரத்த குரல். நகருக்கு வெளியே காட்டோரமாக இருக்கும் வில்வித்தைச் சங்கத்தில் ஒரே வசந்தகாலத்தில் இருவரும் சேர்ந்தோம். அங்கே தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான். குறி பார்க்கும் கருவி, கப்பி எதுவும் இல்லாத மர வில்லையே இருவரும் எடுத்தோம். முப்பது மீட்டரில் வட்டப் பலகைக்கு எய்வதில் நான் அவரைவிடக் கெட்டிக்காரன். செய்தியாளன் என்ற முறையில் இதைப் பதிவு செய்து வைக்கிறேன்.

அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "நிருபர், நீர் சுவரிலை ஆணி அடிக்கிற ஆள். வடிவாய்த்தான் அடிக்கிறீர். ஆனா சுவர் ஓடாது, பாரும்" என்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. சங்கத்துக்கு வந்ததும், மேலங்கியைக்கூடக் கழற்றாமல், கையைச் சூடேற்றாமல், நிறுத்தி வைத்திருக்கும் ரப்பர் மானுக்கு ஒரேயொரு அம்பு எய்வார். பிறகு வில்லைச் சாத்திவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விடுவார். "முதல் அம்புதான் மானுக்கு. மிச்சமெல்லாம் எங்கடை சந்தோசத்துக்கு." பல நாட்கள் தொடர்ந்து அந்த முதல் அம்பு நெஞ்சில் பட்டால் ஒரு மீட்டர் பின்னே போவார். ஒரு நாள் தவறினாலும் முன்னே வந்துவிடுவார். அப்படிப் போய் வந்து பதினைந்து மீட்டரில் நின்றுகொண்டார். மற்றவர்கள் எவ்வளவு சீண்டினாலும் அசையவில்லை.

சுவிஸில் வில்லால் வேட்டையாட அனுமதியில்லை. பிரான்சில் உண்டு. அதற்கு வேண்டிய சோதனைகளை இருவரும் ஒன்றாகவே எழுதித் தேறியிருந்தோம். எங்கள் சங்கத்துக்கு அவ்வப்போது வரும் றெனே, எல்லைக்கு அப்பால் பிரான்சிலுள்ள அல்சாஸ்காரர். அவருடைய வேட்டைக் குழுவில் ஒரு விருந்தாளிக்கு மட்டும் இடம் இருந்தது. அந்த இடத்தை நான் எவ்வளவு விரும்பினேன் என்பதை என் வீட்டாருக்குக்கூடச் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை றெனே ரப்பர் மானைக் காட்டுக்குள் நிறுத்தி, "விரும்பிய இடத்தில் நின்று எய்யுங்கள்" என்றார். நான் முப்பது மீட்டரில் நின்றேன். அம்பு நெஞ்சின் நடுவில் ஏறியது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அடுத்து தயாபரன் நடந்தார். நான் நின்ற இடத்தைத் தாண்டியும் நடந்தார்.

"என்ன தயாபரன், தடவிப் பாக்கப் போறீரோ?" என்று கேட்டேன்.

"ஓம் நிருபர், காய்ச்சல் கிடக்கோ எண்டு பாக்கப் போறன்."

பதினைந்து மீட்டரில் நின்று எய்தார். அம்பு என்னுடையதற்கு நான்கு விரல் தள்ளிப் பட்டது. றெனே அவர் தோளில் கை வைத்து, "நீங்கள் வாருங்கள்" என்றார்.

என் அம்புதானே நடுவில் இருக்கிறது என்று நான் வாதாடினேன். றெனே பொறுமையாகச் சொன்னார்: "உயிருள்ள மான் நாண் சத்தத்துக்கே பதுங்கும். அம்பு முப்பது மீட்டர் போய்ச் சேருமுன் அதன் உடம்பு இடம் மாறிவிடும். பிறகு காயத்தோடு ஓடும். மர வில்லோடு வரும் எங்கள் ஆட்கள் பத்துக்கும் இருபதுக்கும் இடையில்தான் எய்வார்கள்." அந்தத் தீர்ப்பில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. றெனே கேள்வியைச் சரியாகக் கேட்டிருந்தால் நானும் கிட்டப் போயிருப்பேன்.

அந்த இலையுதிர்காலம் தயாபரன் போனார். அப்போதெல்லாம் பாஸல் எல்லையில் கடவுச்சீட்டுப் பார்ப்பார்கள். இவருடைய வில்லையும் வெளியே எடுத்துப் பார்த்தார்களாம். வெறுங்கையோடு திரும்பி வந்தார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அது அவர் கதை சொல்லத் தொடங்கும் வரைக்கும்தான். மறைவிடத்தில் இருந்தபடி, பதினைந்து மீட்டரில் நின்ற ஒரு வெண்பட்டை மரத்தை எல்லையாகப் பார்த்து வைத்திருக்கிறார். நல்லதொரு ஆண் மான் அதற்குச் சற்று அப்பால் வந்து நெடுநேரம் மேய்ந்திருக்கிறது.

"ஏன் எய்யேல்லை?"

"அந்த மரத்துக்கு அங்காலை நிண்டால் அது மான் இல்லை, படம். பாத்திட்டு வரவேண்டியதுதான்."

ஒன்றுமே செய்யாமல் திரும்பிய ஒருவர்மேல் நான் பொறாமைப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த ஆண்டு ஒன்றை எய்தார். கண்ணெதிரிலேயே விழுந்ததாம். இறைச்சியை மாலினி வறுத்த தூள் போட்டுக் கறியாக்கினார். என்னையும் கூப்பிட்டார்கள். எப்படி என்று தயாபரன் கேட்டார். உப்புக் கொஞ்சம் கூட என்றேன்.

"அப்ப ஏன் மூண்டாந்தரம் போடுறீர்?"

தகனத்தன்று றெனே வந்திருந்தார். எல்லோரும் கலைந்த பிறகு என்னிடம் வந்து, "அவருடைய இடம் இருக்கிறது. உங்கள் தூரம் என்ன?" என்று கேட்டார்.

"பதினைந்து மீட்டர்."

"அது தயாவின் தூரம். உங்களுடையது தெரிந்ததும் சொல்லுங்கள்."

அன்றிலிருந்து வேலைக்குப் போகுமுன் சங்கத்துக்குப் போகிறேன். மேலங்கியோடு நின்று ஒரு அம்பு எய்கிறேன். பதினைந்தில் தவறியது. பதினான்கில் சில நாட்கள் பட்டது, பிறகு அதுவும் தவறியது. கோடை முழுவதும் தவறாமல் பட்டது பன்னிரண்டில்தான். நேற்று றெனேயிடம் சொன்னேன். "வாருங்கள்" என்றார்.

தயாபரனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது காலையில் எய்யும் அந்த ஒற்றை அம்பும், என்னுடையதைவிட மூன்று மீட்டர் நீண்ட அவருடைய தூரத்தின்மேல் எனக்குள்ள எரிச்சலும்தான். இரண்டோடும் இந்த இலையுதிர்காலம் அல்சாஸுக்குப் போகிறேன். அவருடைய வெண்பட்டை மரத்துக்கு மூன்று மீட்டர் இங்கால் எனக்கொரு மரம் தேடவேண்டும்.